ஒரு கம்பம், மூணு ஓனர்

இந்த எபிசோடை ரெகார்ட் பண்றது சிவகாசியில, எங்க பெரியப்பாவோட பிரஸ்ஸுக்கு மேல இருக்கிற ரூம்ல. பின்னாடி தடதடன்னு ஒரு சத்தம் கேட்டா அது ஆஃப்செட் மெஷின். எடிட்ல முடிஞ்ச அளவு குறைச்சிருக்கோம். மிச்சத்தை ஊர் வாசனைன்னு எடுத்துக்கோங்க.

ஆடிப்பெருக்கு முடிஞ்ச வாரம் நான் இங்கே வந்தேன். சிவகாசி பத்தித் தெரியாதவங்களுக்கு: அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் எல்லாம் ஆடி பதினெட்டு அன்னைக்குத்தான் வெளியாகும். அதுக்கப்புறம் தீபாவளி, மார்கழி வரைக்கும் பிரஸ்காரங்களுக்குத் தூக்கம் கிடையாது. நான் மேல லேப்டாப்போட உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்துட்டு இருந்தேன். கீழே மெஷின் ஓடிட்டு இருந்தது. ஒரு பெரிய காத்து. எங்கேயோ ஒரு கிளை முறிஞ்சது. கரண்ட் போச்சு.

கீழே பெரியப்பா தலையில கை வைக்கிறார். ஏன்னா ஓடிக்கிட்டு இருக்கிற மெஷின் திடீர்னு நின்னா, உள்ளே இருக்கிற ஷீட் வேஸ்ட். திரும்ப ஆரம்பிச்சா கலர் ஒத்து வர்றதுக்கு இன்னும் கொஞ்சம் ஷீட் வேஸ்ட். மேல எனக்கு அந்தக் கவலை இல்லை, இன்வெர்ட்டர் இருக்கு, மோடம்ல லைட் எரியுது. ஆனா நெட் இல்லை. எங்க ஏரியா கேபிள் அண்ணனுக்குப் போன் போட்டேன். "தம்பி, தெருமுனையில இருக்கிற நம்ம பாக்ஸுக்கும் அதே கரண்ட்தானே. பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் அவ்ளோதான்" என்றார்.

ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா, எதிர்ல ஒரு மின் கம்பம். லைன்மேன் அண்ணன் கீழே நின்னு மேலே பார்க்கிறார். அடுத்த கம்பத்துக்குப் போறார். அங்கேயும் மேலே பார்க்கிறார். கொஞ்ச நேரத்துல கேபிள் அண்ணனும் ஏணியோட வந்துட்டார். ரெண்டு பேரும் ஒரே கம்பத்தடியில நின்னாங்க. ஒருத்தர் கம்பத்துல இருக்கிற கரண்ட் லைனைத் தேடுறார். இன்னொருத்தர் அதே கம்பத்துல தொங்குற கண்ணாடி இழையைப் பார்க்கிறார். ரெண்டு பேரும் வேற வேற முதலாளிக்கு வேலை செய்றாங்க.

இந்த எபிசோட் அந்தக் கம்பத்தைப் பத்தித்தான்.

முதல்ல லைன்மேன் அண்ணன் என்ன தேடினார்னு சொல்லிடறேன். துணை மின் நிலையத்திலிருந்து 11 கேவி லைன் ஒண்ணு கிளம்பும். அதுக்கு ஃபீடர்னு பேரு. அதுல இருந்துதான் தெருவுக்குத் தெரு டிரான்ஸ்ஃபார்மர். அந்த நீளமான லைன்ல எங்கேயோ ஒரு இடத்துல கிளை விழுந்தாலும், துணை மின் நிலையத்துல இருக்கிற பிரேக்கர் மொத்த ஃபீடரையும் ஆஃப் பண்ணிடும். ஆயிரக்கணக்கான வீட்டுக்குக் கரண்ட் போகும். கோளாறு இருக்கிறது ஒரு கம்பத்துல. ஆனா அது எந்தக் கம்பம்? பழைய முறையில அதைக் கண்டுபிடிக்க மனுஷன் நடக்கணும். லைனைப் பாதியில துண்டிச்சு, முதல் பாதிக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கணும், நின்னா கோளாறு அடுத்த பாதியில. நம்ம மொழியில சொன்னா இது பைனரி சர்ச். என்ன, இதை ஒரு மனுஷன் மழையில, ராத்திரியில, கம்பம் ஏறி இறங்கிச் செய்றார்.

இதே தலைவலி அமெரிக்காவுல ஒரு ஊருக்கும் இருந்தது. டென்னசி மாநிலத்துல சட்டனூகா. அந்த ஊரை ஏன் சொல்றேன்னா, நம்ம ஊர் மாதிரியே தொழிற்சாலை ஊர். வார்ப்பட ஆலைகள், புகை. 1969ல் நாட்டிலேயே காற்று மிக மோசமான ஊர் என்று பெயர் வாங்கியது. மதியமே ஹெட்லைட் போட்டுக் கார் ஓட்டுவாங்கன்னு சொல்வாங்க.

அந்த ஊருக்கு மின்சாரம் கொடுக்கிறது நகரத்துக்கே சொந்தமான ஒரு அமைப்பு. பேரு எலெக்ட்ரிக் பவர் போர்டு, சுருக்கமா ஈபிபி. நம்ம ஊர்ல ஈபி, அங்கே ஈபிபி, நடுவுல ஒரு எழுத்துதான் கூட. 1935ல் ஆரம்பிச்சாங்க. இதுல கவனிக்க வேண்டியது, ஈபிபி மின்சாரம் தயாரிக்கிறதுக்காக உருவானதே இல்லை. மொத்தமா டிவிஏ என்கிற மத்திய அரசு நிறுவனத்துக்கிட்ட வாங்கி, ஊருக்குள்ளே விநியோகம் பண்ணும். அதாவது அவங்ககிட்ட இருக்கிற பெரிய சொத்து அணையும் இல்லை, அனல் நிலையமும் இல்லை. கம்பமும் கம்பியும்தான்.

2000களில் அவங்க ஒரு முடிவு எடுத்தாங்க. ஃபீடர் லைன்ல அங்கங்கே புத்திசாலி சுவிட்ச் வைக்கலாம். கிளை விழுந்தா பக்கத்து ரெண்டு சுவிட்சும் ஒண்ணுக்கொண்ணு பேசி, கெட்டுப்போன துண்டை மட்டும் ஒதுக்கிட்டு, மத்த எல்லாருக்கும் வேற பக்கத்துல இருந்து கரண்ட் கொடுக்கணும். மனுஷன் நடந்து போய்ச் செய்யற அந்த பைனரி சர்ச்சை, லைனே தனக்குள்ள செய்துக்கணும். அதுக்கு சுவிட்சுகள் பேசிக்க ஒரு வழி வேணும், உடனே பேசற வழி வேணும். கண்ணாடி இழை இழுக்கலாம்னு முடிவு பண்ணாங்க.

இங்கேதான் கதை திரும்புது. ஒரு சுவிட்ச் பேசறதுக்குத் தேவைப்படற டேட்டா ரொம்பக் கம்மி. தலைமுடி மாதிரி இருக்கிற ஒரு இழையில போகக்கூடிய டேட்டா மிக மிக அதிகம். செலவுல பெரும்பங்கு இழைக்குப் போறதில்லை, அதை இழுக்கிற வேலைக்கும், கம்பத்துக்கும், ஆளுக்கும்தான் போகுது. எப்படியும் கம்பம் ஏறியாச்சு. மிச்சம் இருக்கிற இடத்துல ஊருக்கே இன்டர்நெட் கொடுத்தா என்ன?

கொடுத்தாங்க. கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டினாங்க. 2009ல் மத்திய அரசு, பொருளாதார ஊக்கத் திட்டத்துல இருந்து 11 கோடி டாலருக்கு மேல் மானியம் கொடுத்தது. அந்த மானியம் ஸ்மார்ட் கிரிடுக்கு, அதாவது மின்சாரத்துக்கு. 2010 செப்டம்பர்ல, தன் எல்லைக்குள்ள இருக்கிற 1,70,000 வீடு, கடை எல்லாத்துக்கும் ஒரு ஜிபிபிஎஸ் கிடைக்கும்னு அறிவிச்சாங்க. கூகுள் அப்போ, எந்த ஊருக்கு இந்த வேகத்தைக் கொடுக்கலாம்னு ஊர்களுக்குள்ளே போட்டி வைத்துக்கொண்டிருந்தது. முதல் விலை மாசம் 350 டாலர், யார் வாங்குவான்னு சிரிச்சாங்க. 2013ல் அதே வேகம் 70 டாலருக்கு வந்தது. 2022ல் 25 ஜிபிபிஎஸ் வரைக்கும் போயிட்டாங்க.

சும்மா விட்டாங்களா? இல்லை. காம்காஸ்ட் உள்பட கேபிள் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. மின்கட்டணம் கட்டுறவன் காசுல இன்டர்நெட் வியாபாரமா என்பது அவங்க கேள்வி. நியாயமான கேள்விதான், வழக்கு போட்டவங்களைப் பிடிக்கலைங்கறதுக்காக அதை ஒதுக்க முடியாது. ஈபிபி சொன்ன பதில், ரெண்டும் தனித்தனிக் கணக்கு. இன்டர்நெட் பிரிவு, இழையைப் பயன்படுத்தறதுக்கு மின்சாரப் பிரிவுக்கு வாடகை மாதிரி ஒரு தொகை கொடுக்குது. வழக்குகள் தள்ளுபடி ஆச்சு.

மின்சாரம் பக்கம் என்ன ஆச்சு? கரண்ட் இல்லாத நிமிடங்கள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைஞ்சதுன்னு ஈபிபி சொல்லுது. 2012 ஜூலையில் ஒரு பெரிய சூறைக்காற்று அடிச்சப்போ, பாதிக்கப்பட்டிருக்க வேண்டியவங்கள்ல சுமார் பாதிப் பேருக்குக் கரண்ட் போகவே இல்லை, இல்லைன்னா சுவிட்சுகளே திருப்பிக் கொடுத்துடுச்சு. டென்னசி பல்கலைக்கழகத்தோட சட்டனூகா வளாகத்தைச் சேர்ந்த பென்டோ லோபோ என்கிற பொருளாதாரப் பேராசிரியர், முதல் பத்து வருஷத்துல ஊருக்குக் கிடைச்ச பலன் 269 கோடி டாலர், 9,500 வேலைகள்னு கணக்கு போட்டார். இந்த மாதிரி ஆய்வுகளை நான் அப்படியே விழுங்கறதில்லை, நீங்களும் விழுங்காதீங்க. ஆனா அந்தக் கணக்குல ஒரு பகுதி ஸ்டார்ட்அப் கதை இல்லை. கரண்ட் போகாததால மிச்சமான காசு. அதாவது எங்க பெரியப்பாவோட வேஸ்ட் ஷீட்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 2020ல் நடந்தது. கொரோனாவுல பள்ளி மூடினப்போ, வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகள் சுமார் 28,000 பேர் வீட்டுக்கு இலவச இன்டர்நெட்னு பள்ளி நிர்வாகமும் ஈபிபியும் சேர்ந்து அறிவிச்சாங்க. பெரும்பாலான வீட்டு வாசல்ல இழை ஏற்கனவே இருந்தது. அதே வருஷம் இங்கே எங்க தெருவுல மூணு பிள்ளைங்க ஒரு போனை வைச்சுக்கிட்டு மொட்டை மாடியில சிக்னல் தேடினது எனக்கு ஞாபகம் இருக்கு.

சரி, இவ்ளோ நல்லா இருந்தா எல்லா ஊரும் பண்ணியிருக்கணுமே? பண்ணினாங்க, எல்லாரும் ஜெயிக்கலை. யூட்டா மாநிலத்துல ப்ரோவோன்னு ஒரு ஊர். அங்கேயும் மின்சாரம் நகரத்துக்குச் சொந்தம். அங்கேயும் ஊர் முழுக்க இழை இழுத்தாங்க, சுமார் 4 கோடி டாலர் செலவு. ஆனா அந்த மாநிலச் சட்டம், நகரம் நேரடியா வீட்டுக்கு இன்டர்நெட் விற்கிறதுக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தது. மொத்தமா தனியாருக்குக் கொடுத்து, அவங்க வழியாத்தான் விற்க வேண்டிய நிலை. இழைக்கான கடன் நகரத்துக்கு, வாடிக்கையாளர் இன்னொருத்தருக்கு. ஓடலை. 2013ல் அந்த நெட்வொர்க்கை கூகுளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தாங்க. ஆமா, ஒரு டாலர். கடனை மட்டும் ஊர் மக்கள் மாசாமாசம் பில்லுல தொடர்ந்து கட்டினாங்க.

இப்போ நம்ம ஜன்னலுக்குத் திரும்பலாம். எதிர்ல இருக்கிற அந்தக் கம்பத்துக்கு எத்தனை ஓனர்?

கம்பமும் மின்கம்பியும் மாநில மின்வாரியத்தோடது. 1957ல் சென்னை மாநில மின்வாரியமா ஆரம்பிச்சது. 2010ல் உடைஞ்சு டான்ஜெட்கோ ஆச்சு. 2024ல் அதையும் பிரிச்சு, விநியோகத்துக்குத் தனி நிறுவனம் ஆச்சு. நாம எல்லாரும் இன்னும் ஈபின்னுதான் சொல்றோம். அதே கம்பத்துல தெருவிளக்கு இருக்கே, அது மாநகராட்சியோட பொறுப்பு. சிவகாசி 2021ல் திருத்தங்கலையும் சேர்த்துக்கிட்டு மாநகராட்சி ஆயிடுச்சு. அதுக்கு இந்தக் கம்பத்துல இருக்கிறது விளக்கும் பில்லும் மட்டும்தான். மூணாவதா கேபிள் அண்ணன் மாதிரி ஆட்கள், கம்பெனிகள், அவங்க இழைகள்.

நகரமே மின்சாரம் விநியோகிக்கிறது இந்தியாவுல இல்லாத விஷயம் இல்லை. மும்பையில பெஸ்ட் பஸ் பார்த்திருப்பீங்க. அதே பெஸ்ட்தான் தென் மும்பைக்குக் கரண்ட் கொடுக்குது. 1947ல் மாநகராட்சி எடுத்துக்கிட்டது. பக்கத்துல கேரளாவுல திருச்சூர் மாநகராட்சிக்குத் தனியா மின்சாரத் துறை இருக்கு. பழைய நகராட்சி எல்லைக்குள்ள பில் அனுப்புறது மின்வாரியம் இல்லை, மாநகராட்சி.

அப்போ சிவகாசி மாநகராட்சியும் கரண்ட்டை எடுத்துக்கலாமேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு, ரெண்டு நாள் ரொம்ப உற்சாகமா இருந்தேன். அப்புறம்தான் பெரியப்பா கேட்டார், "ஏப்பா, நாம தனியாப் போயிட்டா திருச்சுழிக்காரன் என்ன செய்வான்?"

அந்தக் கேள்விதான் இதுல முக்கியம். சிவகாசி மாதிரி ஊர்ல தொழில் இணைப்பு அதிகம். யூனிட்டுக்கு நல்ல விலை வரும், பில் வசூலாகும். அதே மாவட்டத்துல திருச்சுழி, நரிக்குடி பக்கம் போனா நீளநீளமான லைன், கொஞ்ச வீடு, விவசாய மோட்டார். அந்த மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். காமராஜர் காலத்துல கிராமம் கிராமமா கரண்ட் போனது, மாநிலம் முழுக்க ஒரே வாரியமா, ஒரே கணக்கா இருந்ததாலதான். லாபம் வர்ற ஊர் எல்லாம் கழண்டுக்கிட்டா மிச்சத்தை யார் சுமக்கிறது? வாரியத்தோட மொத்த நஷ்டம் ஏற்கனவே ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியாச்சு.

சட்டனூகாவுலயே இந்தப் பிரச்சனை வந்தது. ஈபிபி எல்லைக்கு வெளியில இருந்த கிராமத்து ஜனங்க, எங்களுக்கும் இழை கொடுங்கன்னு கேட்டாங்க. மாநிலச் சட்டம் விடலை. 2015ல் மத்திய தொலைத்தொடர்பு ஆணையம், கொடுக்கலாம்னு உத்தரவு போட்டது. 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. எல்லைக்கோட்டுக்கு உள்ளே உலகத்தோட வேகமான நெட். கோட்டுக்கு வெளியே பழைய டெலிபோன் கம்பி.

எங்க மாவட்டத்துக்கு இது புதுசு இல்லை. விருதுநகர்ல மகமைன்னு ஒண்ணு உண்டு. வியாபாரிகள் விற்கிற சரக்குல மூட்டைக்கு இவ்வளவுன்னு தங்களுக்குத் தாங்களே வரி போட்டு, பொதுப் பணமா சேர்ப்பாங்க. அரசாங்கம் கேட்காத வரி. அந்தப் பணத்துல 1880களில் கட்டினதுதான் சத்திரிய வித்யாசாலா. காமராஜர் படிச்ச பள்ளிக்கூடம். பொதுச் சொத்தைக் காசு போட்டுக் கட்டி, தாங்களே நடத்தத் தெரிஞ்ச ஊர் இது, அதுக்குச் சட்டனூகாவுல இருந்து பாடம் வேண்டியதில்லை. ஆனா மகமை ஒரு சமூகத்தோட உறவின்முறைக்குள்ளே சேர்ந்த பணம்ங்கிறதையும் சேர்த்தே சொல்லணும். அதுக்கும் ஒரு கோடு இருந்தது.

அதனால நான் இப்போ நிக்கிற இடம் இது. மின்சாரம் மாநிலத்துக்கிட்டயே இருக்கட்டும். ஆனா கம்பமும் இழையும் ஒரே கணக்குல வரணும்.

கேரளா அந்தப் பக்கம் போயிருக்கு. 2023 ஜூன் 5 அன்னைக்கு கே-ஃபோன் தொடங்கினாங்க. அதுல கேரள மின்வாரியத்துக்கு 49 சதவீதப் பங்கு. இழை போறது வாரியத்தோட கம்பத்துல, கருவிகள் இருக்கிறது வாரியத்தோட துணை மின் நிலையங்கள்ல. தொடங்கினப்போ அடிப்படைத் திட்டம் 299 ரூபாய்க்கு 20 எம்பிபிஎஸ். வசதியில்லாத 20 லட்சம் குடும்பத்துக்கு இலவசம்னு சொன்னாங்க. முதல் கட்டம் ஒரு தொகுதிக்கு 100 குடும்பம், மொத்தம் 14,000தான். வருஷக்கணக்குல தாமதம், செலவு பத்தி எதிர்க்கட்சி வழக்கு எல்லாம் உண்டு. ஆனா கம்பத்துக்காரருக்கு இழையில பங்கு இருக்கு.

தமிழ்நாட்டுல 2018ல் தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷன், டான்ஃபிநெட், ஆரம்பிச்சாங்க. பாரத்நெட் திட்டத்துல 12,525 கிராம ஊராட்சிக்கு இழை. டெண்டர் மேல புகார் வந்து, 2020ல் மத்திய அரசு அதை நிறுத்தி மறுடெண்டர் விடச் சொன்னது. 2022ல்தான் வேலை தொடங்கினது. இந்த இழையில பெரும்பகுதி போறதும் மின் கம்பத்து மேலதான். ஆனா கம்பம் ஒரு நிறுவனம், இழை இன்னொரு நிறுவனம். அதோட நோக்கம் ஊராட்சிக்கு நெட். ஃபீடர்ல சுவிட்ச் பேசறதுக்காக யாரும் இழுக்கலை. இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர்னு பேச்சு ஓடுது. மீட்டர் பேசறதுக்கு ரேடியோவோ செல்போன் சிம்மோ போடணும். ஒரே கம்பத்துல, ஒரு அடி தள்ளி அரசாங்க இழை தொங்கும், கீழே மீட்டர் வேற யாருக்கோ டேட்டா காசு கட்டும். ஒரு இன்ஜினியரா எனக்கு இதைப் பார்த்தா கை பரபரக்குது.

இன்னொரு வேடிக்கை. பாரத்நெட் கிராம ஊராட்சிக்கு மட்டும்தான். சிவகாசி மாநகராட்சி ஆயிட்டதால அந்தக் கணக்குலயே வராது. இழை ஊரைத் தாண்டிப் போகும், ஊருக்குள்ளே இறங்காது. அந்த இடைவெளிதான் மாநகராட்சிக்கு ஒரு வாய்ப்புன்னு நினைக்கிறேன். தெருவிளக்கு, தண்ணீர் பம்பு, மாநகராட்சிப் பள்ளி, இதுக்கெல்லாம் ஊருக்குள்ள ஒரு வளையம் இழை. மின்வாரியத்தோட ஒப்பந்தம் போட்டு, ஃபீடர் சுவிட்சுக்கு அதுல முதல் இடம். மிச்ச இழைகளைக் கேபிள் அண்ணன் மாதிரி ஆட்களுக்கு வாடகைக்கு விடலாம், அவங்களை அழிக்க வேண்டாம். ப்ரோவோ மாதிரி ஆகாதான்னு கேட்பீங்க. அங்கே கடன் முழுக்க இன்டர்நெட் சந்தாவை நம்பி இருந்தது. இங்கே கரண்ட் போகாததால வர்ற மிச்சமும் கணக்குல இருக்கணும்.

இதை ஏன் இப்போ இவ்ளோ அவசரமாப் பேசறேன்? எங்க ஊரோட பெரிய தொழில் பட்டாசு. அதுல மருந்து புழங்கற ரூம்ல கரண்ட்டே கிடையாது, இருக்கவும் கூடாது. பகல் வெளிச்சத்துல மட்டும்தான் வேலை. போனை வாசல்லயே வாங்கி வைச்சிடுவாங்க. ஒரு தீப்பொறி போதும், உங்களுக்கே தெரியும், வருஷம் தவறாம செய்தி வருது. 2018ல் பேரியத்துக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்டதுல இருந்து வேலை நாளும் குறைஞ்சிருக்கு. அந்த ரூம்கள்ல வேலை பார்த்த அம்மாக்களோட பிள்ளைங்க இப்போ காலேஜ் முடிச்சு வெளியே வர்றாங்க. அவங்ககிட்ட நான் பேசினப்போ யாரும் ஒரு ஜிபிபிஎஸ் கேட்கலை. "அண்ணா, வீட்டுல இருந்து இன்டர்வியூ அட்டெண்ட் பண்ணும்போது பாதியில கட் ஆகாம இருந்தாப் போதும்"னுதான் கேட்டாங்க. அதுக்கு நெட்டும் வேணும், கரண்ட்டும் வேணும், ரெண்டும் ஒரே நேரத்துல வேணும்.

இந்தக் கதை எல்லாத்தையும் பெரியப்பாகிட்டச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த ஊர்ல லைன்மேனுக்கெல்லாம் வேலை போயிடுச்சா?"

மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை மாறிப்போச்சு, அது உண்மை. ஆனா அறுந்த கம்பியை சாஃப்ட்வேர் கட்டாது. கம்பம் ஏறத்தான் வேணும். எந்தக் கம்பம்னு தெரிஞ்சு வண்டி எடுப்பாங்கன்னு சொன்னேன்.

"அப்ப சரி" என்று சொல்லிட்டு மெஷினைப் பார்க்கப் போயிட்டார்.

உங்க வீட்டு எதிர்ல இருக்கிற கம்பத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அதுல எத்தனை பேர் வயர் தொங்குதுன்னும் எண்ணி எழுதுங்க. அடுத்த எபிசோட்ல தெருமுனை பாக்ஸுக்குள்ளே என்ன இருக்குன்னு கேபிள் அண்ணனே வந்து பேசறார். ஒத்துக்கிட்டிருக்கார், அன்னைக்குக் கரண்ட் இருக்கணும்.